தானாக நகர்ந்த கைச்சங்கிலி: ஒரு டன் செயின் பிளாக்கின் பிரேக்கைத் திறந்து பார்த்த அனுபவம்

ஆயுத பூஜை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கோவை குறிச்சிப் பக்கம் நான் பராமரிப்பு வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு லேத் பட்டறையிலிருந்து காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. ரேடியல் டிரில்லிங் மெஷினில் ஏற்றுவதற்காக ஏறக்குறைய 650 கிலோ எடையுள்ள வார்ப்பு ஒன்றை, கைச்சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவியான செயின் பிளாக்கில் தூக்கி நிறுத்திவிட்டு எல்லோரும் டீக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால், மேசைக்கு மேலே இரண்டு விரற்கடை இடைவெளியில் நின்ற வார்ப்பு மேசையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சுமையைத் தொங்கவிட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்ததே முதல் தவறு என்று போனிலேயே சொன்னேன். ஆனால் அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் பிரேக் வழுக்குவது அன்று யார் கண்ணிலும் பட்டிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது, வார்ப்பை மீண்டும் ஓர் அங்குலம் தூக்கி, அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து, யாரும் பக்கத்தில் போகாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே உதவியாளாக இருக்கும் பையன்தான் முக்கியமான செய்தியைச் சொன்னான். "அண்ணா, யாருமே தொடலீங்ணா. கைச்சங்கிலி தானா போகுதுங்ணா, பாருங்க." உண்மைதான். ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும், எறும்பு ஊர்வது போல அந்தச் சங்கிலி நகர்ந்துகொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கவனித்ததில், ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு கையகலம் நகர்ந்தது. வார்ப்பைப் பார்த்தால் அது அசைவதாகவே தெரியவில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினால் மற்றவையெல்லாம் எளிதாகப் புரியும். இந்தப் பிளாக்கில் சுமையை ஒரு மீட்டர் உயர்த்த ஏறக்குறைய நாற்பது மீட்டர் கைச்சங்கிலியை இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் விகிதம் அப்படி. அதனால்தான் ஒரே ஆள் ஒரு டன்னைத் தூக்க முடிகிறது. அதே கணக்கு திரும்பி வரும்போது, சுமை ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் கைச்சங்கிலி நாலு சென்டிமீட்டர் ஓடும். சுமையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. சங்கிலியைப் பார்ப்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். பையன் சங்கிலியைப் பார்த்தான்.

கட்டைகளின் மேல் சுமையை மெதுவாக இறக்கி, கொக்கியைக் கழற்றி, பிளாக்கை உத்தரத்திலிருந்து கீழே இறக்கி மேசைக்குக் கொண்டுவந்தோம். திறப்பதற்கு முன்னால் அதன் வேலையைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. கையால் இயக்கும் செயின் பிளாக்குகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது வெஸ்டன் வகைப் பிரேக். இதற்கு லீவரோ பெடலோ கிடையாது. தொங்கும் சுமையே இதை அழுத்திப் பிடிக்க வைக்கிறது. பினியன் எனும் சிறு பல்சக்கரத்தின் தண்டின் மேல், தண்டோடு சேர்ந்தே சுற்றும்படி ஹப் எனும் குடம் ஒன்று இருக்கும். அதன் மேல் ஓர் உராய்வு டிஸ்க், அதற்கு மேல் சாய்ந்த பற்கள் கொண்ட ராட்செட் சக்கரம், அதற்கு மேல் இன்னோர் உராய்வு டிஸ்க், எல்லாவற்றுக்கும் வெளியே கைச்சங்கிலி ஓடும் கைச்சக்கரம். இந்த வெளிச்சக்கரம் தண்டில் மரைபோட்டு ஏறுகிறது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

தூக்குவதற்குச் சங்கிலியை இழுக்கும்போது சக்கரம் மரையில் இறுகி, டிஸ்க்குகளையும் ராட்செட்டையும் ஹப்போடு சேர்த்து நெருக்கிவிடும். எல்லாம் ஒரே கட்டையாகச் சுற்றும். ராட்செட் பின்னோக்கிச் சுற்றாமல் மறிக்கும் நாக்கு அதன் பற்களின் மேல் ஏறி விழுவதால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். கையை விட்டதும் சுமை தண்டைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். அந்தத் திருப்பமே மரையை இன்னும் இறுக்கும், ராட்செட்டை நாக்கு பிடித்துக்கொள்ளும், சுமை நிற்கும். இறக்கும்போது எதிர்ப்பக்கம் இழுத்தால் மரை சற்றுத் தளரும், சுமை கொஞ்சம் இறங்கும், இறங்கிய உடனே மரை மீண்டும் இறுகும். இந்தத் தளர்வும் இறுக்கமும் அடுத்தடுத்து மிக வேகமாக நடப்பதால் நமக்கு அது ஒரே சீராக இறங்குவது போலத் தோன்றுகிறது. (அந்த நாக்குக்குக் கையேட்டில் 'பால்' என்று பெயர். "பால் ஒரு ஜோடி, பால் ஸ்பிரிங் ரெண்டு" என்று காட்டூரில் கடைக்காரரிடம் கேட்கும்போது பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்.)

கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் அடுக்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். குறிப்பாக ராட்செட்டின் பற்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் நாக்கு தூக்கும் திசையில் மறிக்கும், இறங்கும் திசையில் விட்டுவிடும். பிரேக் இல்லாத பிளாக்காக அது மாறிவிடும்.

கைச்சக்கரத்தின் மேல்மூடியை மூன்று நட்டுகளைக் கழற்றி எடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு கட்டுக்கம்பி. தலையில் பள்ளங்கள் வெட்டிய 'கேஸில் நட்டு' ஒன்றின் பள்ளத்தில், அது கழலாமல் தடுக்கும் இரட்டைக்கால் ஊசியான ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில், கட்டடத்துக்குக் கம்பி கட்டும் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். இதற்கு முன்னால் யாரோ திறந்திருக்கிறார்கள், திறந்தவர் கையில் ஸ்பிளிட் பின் இல்லை என்று அர்த்தம். அந்த நட்டு கழன்றால் கைச்சக்கரம் மரையிலிருந்து வெளியே வந்துவிட வழி கிடைக்கும் என்பதை நினைத்தால், இத்தனை நாள் அந்தக் கம்பியை நம்பி 650 கிலோவின் பக்கத்தில் ஆட்கள் நின்றிருக்கிறார்கள்.

கைச்சக்கரத்தை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றி, முதல் டிஸ்க்கை எடுத்தேன். விரலில் ஒட்டியது. டிஸ்க்கின் முகம் கருப்புக் கண்ணாடி போல மின்னியது. அதன் ஓரத்தில் இரும்புத் தூளும் எண்ணெயும் சேர்ந்து குழைந்த கருஞ்சாந்து வளையமாகப் படிந்திருந்தது. ராட்செட்டை எடுத்தேன், அதிலும் அதே. உள் டிஸ்க் இன்னும் மோசம். பனியன் வேஸ்ட்டை வைத்து அழுத்தினால் துணியில் வட்டமாக எண்ணெய் இறங்கியது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. பையனிடம் கேட்டேன். பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் துடைத்து எண்ணெய் விட்டபோது, செயின் பிளாக்குக்கும் ஏணி போட்டு ஏறி, மேல்மூடியின் சந்து வழியாக ஆயில் கேனை ஒரு நிமிடம் பிடித்ததாகச் சொன்னான். "எல்லாத்துக்கும் விட்டோம், இதுக்கு மட்டும் விடாம இருக்கலாமான்னு..." என்று இழுத்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டறைத் தொழிலில் நாம் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே 'சுற்றுகிற இடத்தில் எண்ணெய் விடு' என்பதுதான். அந்தப் பாடத்துக்கு விதிவிலக்கான ஒரே ஒரு பொருள் தலைக்கு மேலே தொங்குகிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பூஜை முடிந்த உடனே வழுக்காமல் பத்து நாள் கழித்து வழுக்கியதற்கும் காரணம் உண்டு. மூடிக்குள் நின்ற எண்ணெய் ஒவ்வொரு முறை சுமையை இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கின் முகத்துக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது.

பட்டறைக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, பெட்ரோல்ல கழுவி வெயில்ல காய வெச்சாப் போதாதுங்களா? நல்ல டிஸ்க்காத்தான தெரியுது" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். பல வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் எண்ணெய் ஊறிய டிஸ்க்கைக் கழுவி, புளோ லாம்ப் காட்டி எரித்து, எமரித்தாளில் தேய்த்து மாட்டினேன். இரண்டு நாள் அருமையாகப் பிடித்தது. மூன்றாம் நாள் நீண்ட உயரம் இறக்கியதில் டிஸ்க் சூடேறி, உள்ளே துளைகளில் தங்கியிருந்த எண்ணெய் வேர்த்து வெளியே வந்துவிட்டது. உராய்வுப் பொருள் கடற்பஞ்சு மாதிரி. குடித்ததை முழுதாகத் திருப்பித் தராது. அதற்குப் பிறகு எண்ணெய் குடித்த டிஸ்க்கை நான் திரும்ப மாட்டுவதில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார்: நட்டைக் கொஞ்சம் இறுக்கி வைத்தால் பிரேக் நன்றாகப் பிடிக்காதா என்று. பலரும் செய்யும் தவறு இது. அந்த நட்டு பிரேக்கை இறுக்குவதற்கானது அல்ல. கைச்சக்கரம் மரையில் எவ்வளவு பின்வாங்கலாம் என்பதற்கு அது ஓர் எல்லை மட்டுமே. பிடியின் வலு சுமையிலிருந்து வருகிறது. சுமை இரட்டிப்பானால் மரையின் அழுத்தமும் இரட்டிப்பாகும், பிடியும் இரட்டிப்பாகும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுமையும் பிடியும் ஒரே விகிதத்தில் வளர்வதால், டிஸ்க்கின் உராய்வுத்தன்மை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால், பாதிச் சுமை தூக்கினாலும் வழுக்கும், முழுச் சுமை தூக்கினாலும் வழுக்கும். 'ஒரு டன் பிளாக், அரை டன்தான் தூக்குகிறோம், பயமில்லை' என்ற ஆறுதல் எண்ணெய் பட்ட பிரேக்கில் செல்லாது.

பழைய டிஸ்க்குகளைத் தூக்கி வைப்பதற்கு முன், பழக்கத்துக்காக வெர்னியர் வைத்து நான்கு இடங்களில் அளந்தேன். ஒன்று 2.7 மில்லிமீட்டரில் தொடங்கி எதிர்ப்பக்கம் 2.4 மில்லிமீட்டரில் முடிந்தது. இந்த மாடலுக்குப் புது டிஸ்க் 3 மில்லிமீட்டர். எண்ணெய் படாமல் இருந்திருந்தாலும் இப்படிச் சாய்வாகத் தேய்ந்த டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டியிருக்கும். எவ்வளவு தேயலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். அந்தப் பிளாக்கின் கையேட்டில் உள்ள அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். மாற்றும்போது இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். உள்ளே படிந்த தூளைக் கம்ப்ரஸர் காற்று வைத்து ஊதக்கூடாது. பழைய உராய்வு டிஸ்க்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும். ஈரத்துணியில் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டோம்.

ஹப்பின் முகத்தையும் கைச்சக்கரத்தின் உள்முகத்தையும் பிரேக் கிளீனர் அடித்து, எண்ணெய் படாத புது வேஸ்ட்டால் துடைத்தேன். புது வேஸ்ட் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திருப்பூர்ப் புண்ணியத்தில் நமக்குப் பனியன் துணிக்குப் பஞ்சமில்லை; ஆனாலும் மேசையில் கிடக்கும் பழைய துணியையே கை தேடும். ராட்செட்டின் இரு முகங்களிலும் மெல்லிய வளையக் கீறல்கள் இருந்தன. துல்லியமான சமதளப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் நுண்ணிய எமரித்தாளை விரித்து, ராட்செட்டைப் படுக்க வைத்து எட்டு போடுவது போல் தேய்த்ததில் கீறல்கள் மறைந்தன. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிற அளவுக்கு ஆழமான கீறலாக இருந்திருந்தால் ராட்செட்டையே மாற்றியிருப்பேன்.

நாக்குகள் இரண்டு. இந்தப் பிளாக்கில் அவை பல்லுக்குப் பாதிப் பல் முன்பின்னாக விழும்படி அமைந்திருப்பதால், நல்ல நிலையில் தூக்கும்போது சத்தம் நெருக்கமாகக் கேட்கும். சில மாதங்களாகச் சத்தம் குறைந்துவிட்டதாகவும், 'மெஷின் பழகிவிட்டது' என்று தாங்கள் நினைத்துக்கொண்டதாகவும் ஆபரேட்டர் சொன்னார். பார்த்தால் ஒரு நாக்கு, காய்ந்து பிசினாகிப் போன கிரீஸில் தன் அச்சு ஊசியான பின்னின் மேல் ஒட்டிக்கொண்டு, தூக்கிய நிலையிலேயே நின்றது. அதன் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ஆக, கொஞ்ச காலமாக ஒற்றை நாக்கில்தான் அந்தப் பிளாக் வேலை செய்திருக்கிறது. நாக்கின் நுனி மழுங்கவில்லை என்பதால் கழுவி, பின்னுக்கு மட்டும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்து, வழிந்ததைத் துடைத்து, ஸ்பிரிங் இரண்டையும் புதிதாக மாட்டினேன். பிறகு ராட்செட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு பல்லின் அடிவரை நாக்கு முழுதாக விழுகிறதா என்று பல் பல்லாகப் பார்த்தேன்.

தண்டின் மரையைப் பலர் மறந்துவிடுவார்கள். மரையில் துருவோ மண்ணோ இருந்து கைச்சக்கரம் திக்கினால், சுமை தரும் திருப்பம் மரையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும், டிஸ்க்கை நெருக்காது. சுமை குறைவாக இருக்கும்போது மட்டும் வழுக்குகிற பிளாக்குகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மரையின் மேல் படலம் போல மட்டும் கிரீஸ் தடவினேன். கைச்சக்கரத்தை மரையில் வைத்து விரலால் தட்டினால் தடையில்லாமல் சுழன்று உள்ளே போக வேண்டும், போனது.

சேர்க்கும்போது கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டிஸ்க்குகளின் ஓரத்தை மட்டும் பிடித்து அடுக்கினேன். ராட்செட்டின் பற்சாய்வைப் படத்தோடு ஒப்பிட்டுப் பையனையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். கைச்சக்கரத்தை வலப்பக்கம் முழுதாக இறுக்கி, வாஷர் போட்டு, கேஸில் நட்டைத் தொடும்வரை விட்டு, கையேடு சொல்லும் அளவுக்குப் பின்வாங்கி, பள்ளமும் துளையும் நேராகும் இடத்தில் புது ஸ்பிளிட் பின்னைச் செலுத்தி இரு காலையும் மடக்கினேன். அந்தக் கட்டுக்கம்பி என் சட்டைப் பையில் இருக்கிறது.

சுமையைத் தாங்கும் சங்கிலியான லோடு செயினிலும் கொக்கிகளிலும் பெரிய வேலை இல்லை. 6 மில்லிமீட்டர் செயின், ஒரு கண்ணியின் உள்நீளம் 18 மில்லிமீட்டர். பதினொரு கண்ணிகளுக்கு 198 மில்லிமீட்டர் வர வேண்டும், அதிகம் ஓடிய இடத்தில் 199.5 வந்தது. கையேட்டு எல்லைக்குள்தான் இருக்கிறது. கீழ்க்கொக்கியின் தாழ்ப்பாள் ஸ்பிரிங் உடைந்திருந்ததால் தாழ்ப்பாளை மாற்றினோம். லோடு செயினுக்கு எண்ணெய் அவசியம். கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடம் வறண்டால் விரைவில் தேய்ந்துவிடும். ஆனால் அதைத் துணியில் தொட்டு, கீழே தொங்கும் பகுதியில், கையால் தடவ வேண்டும். மேலிருந்து ஊற்றக்கூடாது.

சோதனைக்கு நான்கு வார்ப்புகளை எடைமேடைக்குக் கொண்டுபோய் எடை போட்டோம். சேர்த்து 980 கிலோ. முதலில் சுமையில்லாமல் ஏற்றி இறக்கினேன். 'டிக் டிக்' நெருக்கமாகக் கேட்டது, ஆபரேட்டர் தலையாட்டினார். பிறகு நூறு கிலோ, பிறகு பாதி, பிறகு முழுவதும். எந்த நிலையிலும் அடியில் கட்டைகளுக்கு மேலே ஒரு சாணுக்கு மேல் தூக்கவில்லை. முழுச்சுமையில் நிறுத்தியதும் கைச்சக்கரத்தின் விளிம்பிலும் மூடியிலும் நேருக்கு நேராகச் சாக்பீஸில் கோடு போட்டேன். கையை விட்ட உடனே சக்கரம் ஒரு பல்லுக்குக் குறைவாகப் பின்வாங்கி நாக்கில் உட்காரும். அது இயல்பு, எனவே அது உட்கார்ந்த பிறகே கோடு போட வேண்டும். அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு கோடுகளும் அதே இடத்தில் நின்றன. பிறகு இறக்கும் வழியில் மூன்று இடங்களில் நிறுத்திப் பார்த்தேன், மூன்றிலும் கையை விட்ட கணத்தில் நின்றது.

இதோடு என் வேலை முடிந்தது, ஆனால் பிளாக்கை உடனே வேலைக்குக் கொடுக்கவில்லை. தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதிபெற்ற ஆள் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொல்லி வந்திருக்கிறது. நான் ஃபிட்டர், அந்தச் சான்று கொடுக்கும் தகுதி எனக்கில்லை. பிரேக்கையே பிரித்துச் சேர்த்த பிறகு போன வருடச் சான்றைக் காட்டிக்கொண்டிருப்பதிலும் நியாயமில்லை. எனவே சான்றாளர் வந்து மிகைச்சுமை வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் வரை, பிளாக்கின் கொக்கியில் 'உபயோகிக்காதே' அட்டை தொங்கியது. நாலாம் நாள் அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

எண்ணெய் ஒரு பக்கம் என்றால் துரு இன்னொரு பக்கம். இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், கிணற்றிலிருந்து மோட்டார் தூக்குவதற்கு முக்காலியில் மாட்டும் பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "ஏறுதுங்க, ஆனா இறங்க மாட்டீங்குதுங்க" என்றார். மோட்டாரை மேலே தூக்கிய பின், கொக்கியைத் தளர்த்தாமலே பலகையைக் கொடுத்து மோட்டாரை நகர்த்தி எடுத்திருக்கிறார்கள். சுமை திடீரென்று விலகியதில் பிரேக் இறுகிய நிலையிலேயே நின்றுவிட்டது. இது மட்டும் என்றால் இறக்கும் பக்கத்துக் கைச்சங்கிலியை ஒரு வெட்டு வெட்டி இழுத்தாலே விட்டுவிடும். ஆனால் அதன் பின் பிளாக் மோட்டார் ரூமில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தொங்கியிருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டி, அந்த மண்ணில் ஈரம் தங்கி, ராட்செட்டும் ஹப்பும் துருவால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஹப்பின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். தேய்த்துச் சரி செய்யும் நிலையைத் தாண்டிவிட்டது.

குறிச்சிப் பட்டறையில் பையன் தானாகவே ஒரு வேலை செய்திருக்கிறான். பிளாக்கின் மூடியில் மஞ்சள் பெயிண்டில் 'இங்கே எண்ணெய் விடக்கூடாது' என்று எழுதி, அதற்குக் கீழே பிரேக் திறந்த தேதியையும் போட்டிருக்கிறான். அடுத்த பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கலாமா என்று கேட்டான். மூடிக்கு வெளியே தாராளமாக வைக்கலாம் என்றேன். அன்னூர்ப் பிளாக் இன்னும் என் மேசையில் பிரித்தபடியே கிடக்கிறது. அந்த மாடலுக்கு ஹப் வந்து சேரவில்லை.